ஆட்குறைப்பு நேரத்தில் டீமை நடத்துவது: மேனேஜர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆட்குறைப்பை முடிவு செய்கிறவர் பெரும்பாலும் வேறு யாரோ. அதை எதிரில் உட்கார்ந்து சொல்ல வேண்டியவர் டீம் லீடோ மேனேஜரோதான். எச்.ஆர். கொடுக்கும் தாளில் தேதியும் தொகையும் இருக்கும்; எதிரில் இருப்பவர் முகம் வெளிறும்போது என்ன செய்வது என்று இருக்காது. அந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை.

முடிவு என்னுடையது இல்லையே, மேலிடம் எடுத்தது. இதில் நான் இரக்கம் காட்டி என்ன ஆகப்போகிறது?

நிறைய ஆகும். ஜெரால்ட் க்ரீன்பெர்க் என்ற ஆய்வாளர் 1990-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. அது ஆட்குறைப்பைப் பற்றியதல்ல, சம்பளக் குறைப்பைப் பற்றியது. ஆனாலும் இங்கே அப்படியே பொருந்துகிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு தொழிற்சாலைகளில் தற்காலிகமாக 15 சதவீதம் சம்பளம் குறைக்கப்பட்டது. ஒன்றில், ஏன் இந்த முடிவு, கணக்கு என்ன என்பதை நிர்வாகம் சுமார் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து விளக்கியது, கேள்விகளுக்குப் பதில் சொன்னது, வருத்தமும் தெரிவித்தது. இன்னொன்றில் கால் மணி நேரத்தில் அறிவித்துவிட்டு எழுந்து போனார்கள். பிறகு தொழிற்சாலைப் பொருட்கள் திருடு போவதைக் கணக்கெடுத்தபோது, விளக்கம் சொல்லாத இடத்தில் திருட்டு கணிசமாக அதிகம். வெட்டு ஒன்றுதான், சொன்ன விதம்தான் வேறு.

சொல்கிற விதம் உங்கள் கையில்தான் இருக்கிறது. சொல்லும் நேரம், முதல் வாக்கியம், அதன் பிறகு அவருக்காக நீங்கள் செலவிடும் நாட்கள், இவற்றை மேலிடம் பறித்துக்கொள்ளவில்லை. இன்னொன்று: இரக்கம் என்றால் மனம் உருகுவது என்று நினைத்து வருகிறவர்கள்தான் அன்றைக்கு அதிகம் சொதப்புகிறார்கள். முந்தின நாள் இரவு உட்கார்ந்து தாள்களைப் படித்து, கேள்விகளுக்குப் பதில் தேடி வைப்பதுதான் இரக்கத்தில் முக்கால்வாசி.

ஆட்குறைப்பே வேண்டாம், வேறு வழி பார்க்கலாம் என்று மேலிடத்திடம் கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் பெயர்ப் பட்டியல் முடிவாவதற்கு முன்பு, எண்களோடு கேளுங்கள். "பாவம், நல்ல பசங்க" என்பதெல்லாம் அந்த அறையில் எடுபடாது. புதிய நியமனத்தை நிறுத்தினால் எவ்வளவு மிச்சம், மேல்நிலையில் இருப்பவர்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டால் எவ்வளவு, வேறு டீமில் காலியிடம் இருக்கிறதா, இப்படி.

முன்னுதாரணமும் இல்லாமல் இல்லை. 2008 நிதி நெருக்கடியை ஒட்டி, அமெரிக்காவின் பேரி-வெமிலர் நிறுவனத்தில் ஆர்டர்கள் சரிந்தபோது, அதன் தலைவர் பாப் சாப்மன் 2009-இல் ஆட்களை நீக்காமல், எல்லோரும் நான்கு வாரம் சம்பளமில்லா விடுப்பு எடுக்க வேண்டும் என்று அறிவித்தார். கையில் கொஞ்சம் வசதி உள்ளவர்கள், முடியாதவர்களுடைய வாரங்களையும் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். எல்லா நிறுவனத்துக்கும் இது ஒத்துவராது. பிரச்சினை சில மாதங்களில் சரியாகிவிடும் என்றால்தான் இந்த வழி நிற்கும். ஒரு தொழிலே போய்விட்டது என்றால் சும்மா தள்ளிப்போடுவதாகத்தான் முடியும்.

கேட்டும் நடக்கவில்லையா? டீமிடம் வந்து "நான் எவ்வளவோ போராடினேன்" என்று சொல்லாதீர்கள். அது அவர்களுக்கு ஆறுதல் தராது, உங்களுக்குத்தான் தரும்.

யார் யார் என்று என்னையே பட்டியல் போடச் சொல்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது?

முதலில் அளவுகோலை எழுதுங்கள், அப்புறம் பெயருக்கு வாருங்கள். வரிசை மாறினால், மனதில் ஏற்கெனவே இருக்கும் பெயருக்கு ஏற்ற மாதிரி அளவுகோல் தானாக வளைந்து கொடுத்துவிடும். அடுத்த ஓராண்டுக்கு எந்த வேலைகள் இருக்கும், எவை இருக்காது என்பதிலிருந்து தொடங்குவதுதான் ஓரளவு நியாயமான வழி. ரொம்ப நாளாக ஒத்துவராத ஒருவரை அனுப்ப இது நல்ல சந்தர்ப்பம் என்று தோன்றும். அதைச் செய்தால் டீமில் எல்லோருக்கும் புரிந்துவிடும், யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

வழுக்கிவிடும் இன்னொரு இடம், குடும்பக் கணக்கு. "அவங்க வீட்டுக்காரர் சம்பாதிக்கிறாரே", "இவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகலையே" என்று யோசிப்பது கருணை மாதிரியே தெரியும். ஒருவர் வீட்டுக்குள் என்ன கடன், என்ன நோய், யார் யாரைத் தாங்குகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. பிரசவ விடுப்பிலும் மருத்துவ விடுப்பிலும் இருப்பவர்கள் கண்ணில் படாமல் இருப்பதாலேயே பட்டியலில் ஏறிவிடுகிறார்கள் என்பதையும் பாருங்கள். பல நாடுகளில் அது சட்டப்படியும் வம்பு.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இரண்டு மூன்று வரியில் காரணத்தை எழுதுங்கள். அதை அவர் முகத்தைப் பார்த்து அப்படியே படிக்க முடியாது என்றால், காரணத்தில் ஏதோ கோளாறு.

எனக்கு விஷயம் தெரியும், டீமுக்குத் தெரியாது. யாராவது நேராகக் கேட்டால்?

இந்த நாட்கள்தான் மேனேஜரை வாட்டுவது. அறிவிக்கும் நாளைக்கூட எப்படியோ கடந்துவிடலாம்.

பொய் சொல்லக் கூடாது. "அதெல்லாம் வதந்தி, கவலைப்படாம வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வாரம் அதே ஆளுக்குக் கடிதம் கொடுத்தால், அவரும் சரி, அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களும் சரி, அந்த வாக்கியத்தைப் பல வருடம் ஞாபகம் வைத்திருப்பார்கள். ரகசியத்தை உடைப்பதும் முடியாது. பாதித் தகவல் கசிந்தால் பட்டியலில் இல்லாதவர்களும் சேர்ந்து தவிப்பார்கள். மிஞ்சுவது ஒரே வாக்கியம்: "நிறுவனத்தோட திட்டங்களைப் பத்தி நான் முன்கூட்டியே பேச முடியாது. சொல்ல முடியற அன்னைக்கு முதல்ல நானே வந்து சொல்வேன்." இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நெருப்பு இருக்கும்போது மட்டும் இப்படிச் சொன்னால் அதுவே பதிலாகிவிடும். ஒன்றும் நடக்காத காலத்திலும் இதே வாக்கியத்தைத்தான் சொல்லிவந்திருக்க வேண்டும்.

நிஜமான சிக்கல் இப்படி வரும்: பட்டியலில் இருப்பவர் ஒருவர் டீ குடிக்கும்போது, "வர்ற வெள்ளிக்கிழமை வீட்டுக் கடன் பேப்பர்ல கையெழுத்து" என்று சந்தோஷமாகச் சொல்வார். அன்றே எச்.ஆரிடம் போய், இந்த ஒருவருக்கு முன்கூட்டியே சொல்ல அனுமதி கேளுங்கள். பல சமயம் கிடைக்கும், ஏனென்றால் இப்படி ஒரு சூழ்நிலை இருப்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது. கிடைக்கவில்லை என்றாலும், வாழ்த்துச் சொல்லி முதுகில் தட்டாதீர்கள்.

அந்தச் சந்திப்பில் முதலில் என்ன பேசுவது?

விஷயத்தைத்தான். அவர் உட்கார்ந்த முதல் நிமிடத்திலேயே.

"உட்காருங்க. கஷ்டமான செய்தி ஒண்ணு சொல்லப்போறேன். நிறுவனம் ஆட்குறைப்பு செய்யுது. உங்க பணியிடத்தையும் எடுத்துட்டாங்க. உங்களோட கடைசி வேலை நாள் இந்த மாசம் முப்பதாம் தேதி. இது முடிவான விஷயம், மாறாது."

இவ்வளவு போதும். பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனம் ஒரு யுகம் மாதிரி இருக்கும், அதை நிரப்பத்தான் எல்லோரும் உளறுகிறார்கள். "எப்படி இருக்கீங்க, பசங்க எப்படி" என்று ஆரம்பித்து ஐந்து நிமிடம் கழித்து விஷயத்துக்கு வருவது மென்மையான வழி இல்லை. பின்னால் யோசிக்கும்போது அந்த ஐந்து நிமிடமும் அவருக்கு அவமானமாகத் தெரியும். "பார்க்கலாம்", "அனேகமா" போன்ற சொற்களும் வேண்டாம். இல்லாத கதவு இருப்பதாக நினைத்து அவர் இரவெல்லாம் தட்டிக்கொண்டிருப்பார்.

சொல்லவே கூடாதவை சில: "இது எனக்கும் ரொம்பக் கஷ்டமா இருக்கு." உங்கள் சம்பளம் அடுத்த மாதம் வரும், அவருடையது வராது. "இதுவும் ஒரு நல்ல வாய்ப்புன்னு நினைச்சுக்கோங்க." அதை அவர் சொல்லலாம், அதுவும் ஆறு மாதம் கழித்து. "நீங்க ரொம்பத் திறமைசாலி, அதான் புரியல." அப்படியென்றால் ஏன் நான் என்ற கேள்வி உடனே வரும். "ஏன் நான்?" என்பது எப்படியும் வரும், எழுதி வைத்த அந்த இரண்டு மூன்று வரிகள் அதற்குத்தான்.

சின்ன ஏற்பாடுகளும் கவனிக்க வேண்டியவை. கண்ணாடிச் சுவர் வைத்த அறை வேண்டாம். வெளியே வரும்போது முழு டீமையும் கடந்து போக வேண்டிய அறையும் வேண்டாம். முந்தின நாள் மாலை "சின்னதா ஒரு பேச்சு" என்று காலண்டர் அழைப்பு அனுப்பி இரவுத் தூக்கத்தைக் கெடுக்காதீர்கள். அன்று காலையிலேயே கூப்பிட்டு உடனே பேசிவிடலாம். முதல் சந்திப்பு கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அதிர்ச்சியில் பாதிதான் காதில் விழும். தேதி, தொகை, யாரை அழைக்க வேண்டும் என்ற விவரங்களை எழுத்தில் கொடுத்துவிட்டு, மறுநாளோ அதற்கு மறுநாளோ இரண்டாவது முறை உட்காருங்கள். உண்மையான கேள்விகள் அன்றைக்குத்தான் வரும்.

அழுதால்? கத்தினால்?

அழட்டும். தண்ணீரை நகர்த்தி வையுங்கள், போனைப் பார்க்காதீர்கள். கத்தினால் பதிலுக்கு வாதம் வேண்டாம். "கோபம் வர்றது நியாயம்தான்" என்பது போதும். சிலர் ஒன்றுமே காட்டாமல் "சரி சார், தேங்க்ஸ்" என்று எழுந்துவிடுவார்கள். அவர்களை அன்று மாலை ஒரு முறை போனில் அழைத்துப் பேசிவிடுங்கள்.

நான் அழுதுவிட்டால்?

கண் கலங்கினால் பரவாயில்லை. அவர் உங்களைத் தேற்றுகிற நிலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு வீடியோ அழைப்பில் சொல்லலாமா?

தனியாக, ஒருவருக்கு ஒருவராக என்றால் சொல்லலாம். கூட்டமாக வேண்டாம். பெட்டர் டாட் காம் நிறுவனத்தின் தலைமை அதிகாரி விஷால் கார்க் 2021 டிசம்பரில் சுமார் 900 பேரை ஒரே ஜூம் அழைப்பில், சில நிமிடங்களில் நீக்கினார். "இந்த அழைப்பில் இருக்கிறீர்கள் என்றால் நீக்கப்படும் துரதிர்ஷ்டசாலிகளில் நீங்களும் ஒருவர்" என்ற தோரணையில் அவர் பேசிய காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது, பிறகு மன்னிப்புக் கேட்டார். 2023 ஜனவரியில் கூகுள் சுமார் 12,000 பேரைக் குறைத்தபோது, பலருக்கு லாகின் வேலை செய்யாததுதான் முதல் செய்தியாக இருந்தது. இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் வேறு எப்படிச் செய்வது என்று கேட்கலாம். ஆயிரம் பேருக்கு ஒருவர் சொல்வது கஷ்டம்தான். ஆனால் ஆயிரம் பேருக்கு நூற்றுக்கும் மேற்பட்ட மேனேஜர்கள் இருப்பார்களே.

அழைப்பின் தொடக்கத்தில், "பக்கத்துல யாராவது இருக்காங்களா, தனியா பேச முடியுமா" என்று கேளுங்கள். அவர் கேமராவை அணைத்தால் அணைக்கட்டும், உங்களுடையதை அணைக்காதீர்கள்.

அன்றே லாகினை முடக்கித்தான் ஆக வேண்டுமா?

பணம், வாடிக்கையாளர் தரவு, சர்வர் அணுகல் உள்ள பணியிடங்களுக்கு அவசியம் இருக்கலாம். மற்றவர்களுக்கும் அதையே செய்வது வெறும் வசதிக்காக. முழுமையாக முடியாவிட்டாலும், சிலவற்றுக்கு இடைவெளி கேட்டு வாங்குங்கள்: சம்பளச் சீட்டுகளையும் வரிப் படிவங்களையும் பதிவிறக்க, சொந்தப் படங்களை எடுத்துக்கொள்ள, டீமுக்கு ஒரு விடைபெறும் மெயில் அனுப்ப. அலுவலக மெயில் முகவரியைத் தன் வங்கிக் கணக்குக்கோ காப்பீட்டுக்கோ கொடுத்து வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். கதவு மூடிய பிறகு கடவுச்சொல்லை மாற்றும் எண் அந்த மெயிலுக்குத்தான் போகும். இதை அவருக்கு ஞாபகப்படுத்துவது, பத்து ஆறுதல் வார்த்தைகளைவிட உபயோகமானது.

மேசையைக் காலி செய்யும்போது பாதுகாவலரைப் பக்கத்தில் நிறுத்த வேண்டாம் என்றும் கேளுங்கள். ஆளில்லாத நேரத்தில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னால், நீங்கள் கூட இருங்கள்.

பணம், காகிதம் விஷயத்தில் எனக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

அவர் கேட்கப்போகும் அளவுக்கு. கடைசிச் சம்பளம் எந்தத் தேதியில், இழப்பீடு எத்தனை வாரம், எடுக்காத விடுப்புக்குப் பணம் உண்டா, மருத்துவக் காப்பீடு எந்த நாளோடு நிற்கும், அனுபவச் சான்றிதழ் எப்போது வரும். தெரியாததற்கு "எச்.ஆர். கிட்ட கேளுங்க" என்று தள்ளிவிடாமல், நீங்களே கேட்டு அன்றே சொல்லுங்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 1988-இல் வந்த வார்ன் சட்டம், பொதுவாக 100 அல்லது அதற்கு மேல் ஆட்கள் உள்ள நிறுவனங்கள் பெரிய ஆட்குறைப்புக்கு 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்கிறது. பிரிட்டனில் 90 நாட்களுக்குள் ஒரே இடத்தில் 100 பேர் அல்லது அதற்கு மேல் என்றால், முதல் நீக்கம் நடைமுறைக்கு வருவதற்குக் குறைந்தது 45 நாள் முன்பே ஊழியர் தரப்போடு கலந்தாலோசனை தொடங்க வேண்டும். 20 முதல் 99 பேர் என்றால் 30 நாள். உங்கள் இடத்துக்கு என்ன விதி என்பதைச் சந்திப்புக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்றில் மட்டும் உடன்படாதீர்கள்: "ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டா ரெக்கார்டு சுத்தமா இருக்கும்" என்று அவரை வற்புறுத்தச் சொல்வது. ராஜினாமா செய்தவருக்கும் நீக்கப்பட்டவருக்கும் கிடைக்கும் சட்ட உரிமைகள் ஒன்றல்ல. எந்தத் தாளாக இருந்தாலும் அன்றே கையெழுத்துக் கேட்காமல், வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்கட்டும் என்று விடுங்கள்.

மிச்சமிருக்கும் டீமிடம் எப்போது, என்ன சொல்வது?

அன்றே. கடைசிச் சந்திப்பு முடிந்த ஒரு மணி நேரத்துக்குள். அதற்குள் வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பெயர்கள் வந்திருக்கும், மீதி ஊகம்.

வேலை தப்பியவர்களுக்கு நிம்மதி வரும், கூடவே குற்ற உணர்வும் எரிச்சலும் வரும். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜோயல் ப்ராக்னர் 1980-களிலிருந்து ஆட்குறைப்பில் தப்பியவர்களைத்தான் ஆராய்ந்துவந்தார். தங்களுடன் வேலை பார்த்தவர்களை எப்படி நடத்தினார்கள், முடிவெடுத்த முறை நியாயமா என்பதை வைத்துத்தான் இவர்கள் நிறுவனத்தை எடை போடுகிறார்கள் என்பது அவர் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. அதாவது, போகிறவரிடம் நீங்கள் பேசிய தொனி இருப்பவர்கள் காதுக்கும் வந்து சேரும்.

கூட்டத்தில் எத்தனை பேர், எந்தக் காரணம், எந்த அளவுகோல் என்று சொல்லுங்கள். பெயர்களைச் சொல்வதற்கு முன் சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுவிடுங்கள். ஒருவர் கட்டாயம் கேட்பார்: "இத்தோட முடிஞ்சுதா?" உறுதியாகத் தெரிந்தால் ஒழிய "முடிஞ்சுது" என்று சொல்லாதீர்கள். "இப்போதைக்கு எனக்குத் தெரிஞ்ச திட்டம் வேற எதுவும் இல்ல, ஆனா வராதுன்னு உறுதி கொடுக்கற இடத்துல நான் இல்ல" என்பது யாருக்கும் பிடிக்காத பதில்தான், ஆனால் நிற்கும். உற்சாகமூட்டும் பேச்சை வேறு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்று மாலை கேக் வெட்டுவது, டீம் விளையாட்டு எல்லாம் தயவுசெய்து வேண்டாம்.

ஐந்து பேர் வேலையை மூன்று பேர் செய்ய வேண்டியிருக்கிறது. எப்படி?

முடியாது, அதுதான் பதில். வேலைகளை வரிசையாக எழுதி, எவற்றை நிறுத்துகிறோம், எவற்றைத் தள்ளிப்போடுகிறோம் என்று மேலிடத்திடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். இதைச் செய்யாத இடங்களில், திறமையுள்ளவர்கள் தாங்களாகவே கிளம்புவார்கள். ஆட்குறைப்பு செய்த நிறுவனங்களில் அதன் பிறகு தானாக விலகுவோரின் எண்ணிக்கை கூடுகிறது என்பதை 2008-இல் சார்லி ட்ரெவர், ஆன்டனி நைபர்க் இருவரும் தங்கள் ஆய்வில் காட்டினார்கள்.

போனவர்களின் வேலையை "வாய்ப்பு" என்று பெயர் வைத்து ஒப்படைக்காதீர்கள். பளு என்றே சொல்லுங்கள், எத்தனை மாதத்துக்கு என்றும் சொல்லுங்கள்.

போனவர்களுக்குப் பிறகும் உதவலாமா? அது பொருத்தமாக இருக்குமா?

பொருத்தமா என்பதை அவரிடமே கேட்டுவிடலாம். "எது வேணும்னாலும் கேளுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள், யாரும் கேட்க மாட்டார்கள். குறிப்பாகச் சொல்லுங்கள்: "உங்களுக்குப் பரிந்துரை எழுதி வெச்சிருக்கேன், படிச்சுப் பாருங்க", "அந்த நிறுவனத்துல எனக்குத் தெரிஞ்சவர் இருக்கார், உங்க பெயரை அனுப்பட்டுமா?"

நிறுவன அளவில் செய்தவர்களும் உண்டு. 2020 மே மாதம் ஏர்பிஎன்பி சுமார் 1,900 பேரை, அதாவது ஊழியர்களில் கால்வாசியை, நீக்கியது. அப்போது வேலை தேட மடிக்கணினியை வைத்துக்கொள்ளச் சொன்னது. விருப்பப்பட்டவர்களின் விவரங்களைப் பிற நிறுவனங்கள் பார்க்கும்படி பொதுப் பட்டியல் வெளியிட்டது. ஆள் எடுக்கும் பிரிவில் சிலரைப் போகிறவர்களுக்கு வேலை தேடித் தரும் பணியில் போட்டது. நோக்கியாவின் கதை இன்னும் சுவாரசியம். 2008-இல் ஜெர்மனியின் போஹும் நகரத் தொழிற்சாலையை மூடுவதாக அறிவித்துப் பெரிய எதிர்ப்பைச் சந்தித்தது. 2011-இல் சுமார் 18,000 பேரைக் குறைக்க வேண்டி வந்தபோது 'பிரிட்ஜ்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது: உள்ளேயே வேறு வேலை, வெளியே வேலை, சொந்தத் தொழில், புதுப் படிப்பு என வழிகளும் அவற்றுக்குப் பணமும். வேலையின் கடைசி நாளில் சுமார் 60 சதவீதம் பேருக்கு அடுத்து என்ன என்பது தெரிந்திருந்தது.

உங்களிடம் அந்த நிதி இருக்காது. போன் இருக்கிறது. முதல் வாரம் எல்லோரும் அழைப்பார்கள். மூன்றாவது வாரம் யாரும் அழைக்க மாட்டார்கள். அந்த வாரத்தில் அழையுங்கள்.

எனக்கே தூக்கம் வரவில்லை. இதை யாரிடம் சொல்வது?

டீமிடம் வேண்டாம், போனவர்களிடம் வேண்டவே வேண்டாம். இதைச் செய்து கடந்த வேறொரு மேனேஜர், வீட்டில் ஒருவர், தேவைப்பட்டால் மனநல ஆலோசகர். ஒரே நாளில் ஏழெட்டுப் பேரிடம் சொல்ல வேண்டியிருந்தால் இடையில் அரை மணி நேரமாவது விடுங்கள். கடைசியாக வருகிறவருக்கும் முதல் ஆளுக்குக் கிடைத்த அதே கவனம் கிடைக்க வேண்டும்.

இதையெல்லாம் முடித்த பிறகு, பட்டியலில் நானும் இருந்தால்?

நடப்பதுதான். டீம் சிறுத்தால் மேனேஜர் எதற்கு என்ற கேள்வி அடுத்து வரும். அதனால் மற்றவர்களுக்குச் சேகரிக்கச் சொன்ன சம்பளச் சீட்டுகளையும் வரிப் படிவங்களையும் உங்களுக்கும் இப்போதே சேகரியுங்கள், வங்கிக்குக் கொடுத்த மெயில் முகவரியை மாற்றுங்கள். டீமில் ஒவ்வொருவருடைய வேலையையும் பற்றி நேர்மையான மதிப்பீடு எழுதி ஒப்படைத்துவிடுங்கள். அடுத்து வருகிறவருக்கு இவர்களைப் பற்றி எதுவும் தெரியாது, அடுத்த பட்டியலை அவர்தான் போடுவார்.